வலவ்வையும் ஒரு காலிக் கட்டமும்

1

வருடத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபித்தாக வேண்டும். என் மனைவி பூமணிக்கு அதில் சந்தேகம் கிடையாது. சந்தேகம் எல்லாம் கொழும்பிலிருந்து எனக்கு ஓய்வூதியம் அனுப்புகிறவர்களுக்குத்தான். படிவம் ஒன்று வரும். பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் என்னை நேரில் பார்த்து, இன்னார் இன்ன தேதியில் என் முன் தோன்றினார் என்று எழுதி முத்திரை குத்த வேண்டும். ‘தோன்றினார்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், நான் புகைக்குள்ளிருந்து கைகூப்பிக்கொண்டு வெளியே வருவதுபோல் ஒரு காட்சி மனதில் ஓடும்.

திருவண்ணாமலைக்கு நான் வந்தது 1989இல், ஓய்வுபெற்ற கையோடு. இலங்கையில் அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே போவது என்று நான் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது, பூமணி ஒரே சொல்லில் முடித்தாள்: “மலைக்கு.” எந்த மலை என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. நாங்கள் வந்து இறங்கிய அதே வருடம்தான் இந்த ஊரும் மாவட்டத் தலைநகர் ஆயிற்று. எந்தக் கோப்பு வேலூரில் இருக்கிறது, எது இங்கே வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாத காலம். முப்பது வருடம் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு அது திருவிழா. ஒவ்வோர் அலுவலகமாகப் போய் வரிசையில் நின்று, கேட்காமலே யோசனை சொல்லி, ஆறே மாதத்தில் எல்லா அலுவலகங்களிலும் வேண்டாத ஆள் என்ற பெயரைச் சம்பாதித்தேன்.

மகள் பாமினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து ‘ஓம்’ போய் ‘ஆமா’ வந்தது. நிலக்கடலைக்கு நாங்கள் சொல்கிற கச்சான், இந்த ஊர் மல்லாட்டை ஆயிற்று. ஒரு வருடத்தில் என்னை ‘நீங்கள்’ என்பது போய் ‘நீ’ வந்தது. பூமணி கச்சானுக்கு அழவில்லை, ‘நீ’க்கு அழுதாள். இப்போது பாமினிக்கு இருபத்தேழு. சட்டம் படித்துவிட்டாள். குடியுரிமை இல்லாததால் கறுப்புக் கோட்டு போட முடியாது. ஆகவே ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்கள் எழுதுகிறாள். இந்த ஊர் நீதிமன்றத்தில் கோட்டு போட்டவர்கள் பேசுகிற பேச்சில் பாதி, கோட்டு இல்லாத என் மகள் எழுதியது.

இந்த வருடம் உயிர்ச் சான்றிதழ்ப் படிவத்தோடு இன்னொரு கடிதமும் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த கச்சேரிக்குப் போய், ஓய்வூதியப் பிரிவில் என் முகவரியை வாங்கி எழுதியிருந்தார் ஒரு பெண்மணி. கையெழுத்து: சந்திரா குமாரிஹாமி, தெனிகொடை வலவ்வை.

என் நெஞ்சு ஒரு தடவை அடித்து நின்று மறுபடி அடித்தது. இந்த வருடத்து உயிர்ச் சான்றிதழில் நான் பொய் சொல்லாமல் தப்பியது மயிரிழையில்.

2

கண்டிக்கு வடக்கே, வயல் வெளிக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிற வீடு தெனிகொடை வலவ்வை. சிங்களப் பிரபுக்களின் பெரிய வீட்டுக்கு வலவ்வ என்று பெயர். நம் வாய்க்கு அது வலவ்வை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளவு என்று வேலிக்கு உள்ளே இருக்கிற நிலத்தைத்தான் சொல்வோம். அங்கே நிலம், வீடு, அதில் இருந்தவர்களின் மூக்கு உயரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர்.

அந்த வீட்டைக் கட்டியவர் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்கு ரட்டே மாத்தயா என்று பெயர். அவருடைய மகனும் ரட்டே மாத்தயா. பதவியை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் ஊர்க்காரர்கள் மகனை அப்படியேதான் அழைத்தார்கள். அரசாங்கம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஊருக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

நடுவில் சதுரமான முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். பலா மரத்தில் கடைந்த தூண்கள்; தூணின் தலையில் நாலு பக்கமும் கவிழ்ந்து தொங்குகிற தாமரை. கூரை முழுவதும் அரைவட்ட ஓடு. வீட்டுக்கு வெளியே, கற்கால்களில் நிற்கிற நெற்களஞ்சியம். அதற்கு மனிதர் வீட்டைவிட நல்ல பூட்டு.

எழுபதுகளில் நில உச்சவரம்பு வந்து வயல்கள் போயின. வயல் போனதும் களஞ்சியம் காலி, களஞ்சியம் காலியானதும் ஓடு மாற்ற ஆள் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கம் முன்மண்டபத்தை வாடகைக்கு எடுத்து உரமூட்டை அடுக்கியது. முற்றத்தில் யாரோ துப்பிய பலாக்கொட்டை மரமாகி, தாழ்வாரத்தின் கூரையைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சந்திரா குமாரிஹாமி பள்ளி அதிபராக ஊர் ஊராக மாற்றலாகி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, தாம் பிறந்த அந்த வீட்டைத் திருத்தியெடுப்பது என்று முடிவு செய்தார். ஐந்து வருடம். மரத்தை வெட்டாமல் கூரையை அதற்கு இடம் விட்டுக் கட்டினாராம். உரத்தின் உப்பு ஏறிய சுவர்களைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பு குழைத்து மூன்று தடவை பூசினாராம். நிழற்படங்கள் அனுப்பியிருந்தார். பூமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “என்ன வடிவான வீடு. எங்கட சனம் எண்டால் இடிச்சுப்போட்டு மொட்டை மாடி கட்டியிருக்கும்” என்றாள்.

கடிதத்தின் முதல் பக்கம் இவ்வளவும். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது.

3

கண்டிச் சிங்களவரின் கல்யாணத்தில் இரண்டு வகை உண்டு. பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் அது தீக முறை. போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பங்கு இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்ந்தால் அது பின்ன முறை. பெண்ணுக்கு ஆண்பிள்ளையைப் போலவே பங்கு உண்டு. மாப்பிள்ளைக்குத்தான் மரியாதை கம்மி. பின்ன மாப்பிள்ளை ஒரு குடை, ஒரு கைத்தடி, ஒரு பந்தம் மூன்றையும் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருக்க வேண்டும், எப்போது போகச் சொல்வார்கள் என்று தெரியாது என்று அந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள்.

விவாகப் பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், வேறு விதமாக நிரூபிக்கும் வரை தீக என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சந்திரா குமாரிஹாமியின் விவாகப் பதிவில் அந்தக் கட்டம் காலி.

அவருக்கு ஒரு தம்பி. லண்டனில் இருந்தவர், நல்ல மனிதர். “அந்த வீட்டில் என்னுடைய பாதியை அக்காவுக்குக் கொடுக்கிறேன்” என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு இறந்துபோனார். இப்போது அவருடைய மகன் வந்து வீட்டைப் பார்த்திருக்கிறான். உரமூட்டை இருந்தவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், சுண்ணாம்பு காய்ந்ததும் வந்தான். ஹோட்டல் நடத்துகிற யோசனை. அவனுடைய வழக்கறிஞர் பதிவேட்டைத் தேடிப் பார்த்துக் காலிக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அத்தையின் கல்யாணம் தீக. அப்படியானால் அத்தைக்குத் தாத்தாவின் சொத்தில் எதுவும் இல்லை. முழு வீடும் அப்பாவுடையது. அப்பா எழுதிக் கொடுத்தது பாதிதான். மிச்சப் பாதி எனக்கு என்கிறான். வாதத்தில் ஓட்டை இல்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

“பதிவு நடந்தபோது அங்கே இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான், லியன மாத்தயா” என்று முடித்திருந்தார். லியன மாத்தயா என்றால் எழுதுகிற ஐயா. கிளார்க்குகளை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். “நீங்கள் கண்டதை ஒரு சத்தியக் கடதாசியில் எழுதி அனுப்ப முடியுமா? அடுத்த மாதம் வழக்குத் தவணை.”

எழுதுகிற ஐயா எழுதாமல் விட்ட கட்டம். அந்தப் பதிவேட்டின் கையெழுத்து என்னுடையது.

4

இரண்டு நாளில் சத்தியக் கடதாசியின் வரைவு தயார். இங்கே அதற்கு அஃபிடவிட் என்று பெயர். பதினோரு பந்தி, எண் போட்டு. வெளியே அனுப்புமுன் பாமினியிடம் கொடுத்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கையில் மல்லாட்டை உரித்துக்கொண்டே படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கப்பா. ஏழாவது பாரா மட்டும் எனக்குப் புரியல.”

“எது?”

“‘மேலதிகாரியான பதிவாளர் கட்டத்தைப் பிறகு நிரப்பலாம் என்று கூறியபடியால் அது அவ்வாறே இருந்தது.’ அவர் எங்க இப்போ?”

“செத்துப்போனார். பாவம், நல்ல மனுசன்.”

“செத்தவர் மேல போட்டுட்டியா?” ஓட்டை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். “சரி. நான் அந்தப் பையனோட வக்கீல். நீ கூண்டுல நிக்கிற. சொல்லு. கல்யாணத்தன்னிக்கு, மாப்ள பொண்ணு வீட்டுக்கு வர்றதுன்னு பேசி முடிச்சிட்டாங்களா இல்லியா?”

“முடிச்சிட்டினம்.”

“யாரு முன்னாடி?”

“எல்லாருக்கும் முன்னால். மாப்பிள்ளையின் தகப்பன் வாயாலே ஓம் என்று சொன்னார். மாப்பிள்ளையின் பெட்டி அப்போதே வந்து தாழ்வாரத்தில் இருந்தது. யாரோ பகிடிக்கு ஒரு குடையையும் தடியையும் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.”

“இது எதுவும் இதுல இல்லியே! இதான்ப்பா சாட்சி!” பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். “சரி, பேசி முடிச்சாச்சு. அப்புறம் பதிவாளர் உன்கிட்ட இன்னா சொன்னாரு?”

நான் தண்ணீர் குடித்தேன்.

“தண்ணி அப்புறம். இன்னா சொன்னாரு?”

“‘பின்ன என்று எழுதும்’ என்றார்.”

“அப்புறம் ஏன் எழுதல?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பூமணி அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள். முப்பது வருடக் கல்யாணத்தில் இந்தக் கதையை நான் அவளுக்கும் சொன்னதில்லை.

5

வலவ்வையில் இருக்கை ஒரு பெரிய சாஸ்திரம். யார் எதில் உட்காரலாம் என்பதற்கு அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சமமானவருக்குக் கை வைத்த கதிரை. அதற்குக் கொஞ்சம் கீழே உள்ளவருக்குக் கை இல்லாத கதிரை. அதற்கும் கீழே முக்காலி, பிறகு பாய், பிறகு நிற்பது. அந்த வரிசையில் யாழ்ப்பாணத்துத் தமிழ் கிளார்க்குக்கு இடம் எது என்று யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. எனக்கு முப்பது வயது, இரண்டு சோதனைகள் முதல் தடவையிலேயே பாஸ், சிங்களச் சோதனையில் விசேட சித்தி என்கிற உயர்ந்த தேர்ச்சி, இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டை. பதிவாளருக்குக் கை வைத்த கதிரை போட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கை வைத்த கதிரை. எனக்குக் கை இல்லாதது.

முழங்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் இருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்குள் என்னென்ன கொதித்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிவாளர் குனிந்து, “பின்ன என்று எழுதும்” என்றபோது, என் வாய் தானாகத் திறந்தது.

“சேர், எழுதலாம். ஆனால் இரு பகுதியாரின் சம்மதத்தையும் தனித்தனியாக எழுத்தில் வாங்கி இணைக்க வேண்டும். விதி அப்படி.”

பதிவாளர் என்னைப் பார்த்தார். விதி விஷயத்தில் நான் சொன்னால் அவர் மறுப்பதில்லை. கச்சேரியில் யாரும் மறுப்பதில்லை. மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய்ச் சொன்னார்கள். வாயால் ஓம் என்றவர், எழுத்து என்றதும் துள்ளி எழுந்தார். மகனை வீட்டோடு மாப்பிள்ளையாக அனுப்புவதைக் கையெழுத்துப் போட்டு அறிவிக்க அவர் பரம்பரையில் ஆள் இல்லையாம். பெண்ணின் தகப்பனும் எழுந்தார். கை வைத்த கதிரைகள் எல்லாம் காலியாயின. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு திருப்தி!

அப்போது சோதிடர் சத்தம் போட்டார். கையெழுத்துக்கான நல்ல நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம். எல்லாரும் ஓடிவந்து போட்டார்கள். கட்டம் காலியாக இருந்தது. “பிறகு நிரப்பலாம்” என்றார் பதிவாளர். அதை அவர் சொன்னது உண்மைதான். மறுநாள் கச்சேரியில் அவர் பேனாவை எடுத்தபோது தடுத்ததும் நானே: கையெழுத்து விழுந்த பதிவில் பிறகு ஒரு சொல் சேர்ப்பது குற்றம். அது உண்மையான விதி.

“முதல்ல சொன்னது?” என்றாள் பாமினி.

“எது?”

“தனித்தனியா எழுதி வாங்கணும்னு சொன்னியே, அந்த விதி. எந்தச் சட்டம்? எத்தனாவது பிரிவு?”

நான் மேசையைப் பார்த்தேன். “அப்படி ஒரு விதி இல்லை. அன்றைக்கு நான் உண்டாக்கியது.”

பாமினி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மல்லாட்டை ஓடு தெறிக்கச் சிரித்தாள். “ஒரு சேருக்காடா சாமி! கை இல்லாத ஒரு சேரு!”

பூமணி சிரிக்கவில்லை. “அந்த மனுசி பாவம், அஞ்சு வரியம் கல்லும் மண்ணும் சுமந்து வீட்டைக் கட்டியிருக்கிறா. நீங்கள் கதிரைக்குக் கோவிச்சு அவவின்ர பாதி வீட்டை எழுதாமல் விட்டிருக்கிறியள். இப்ப செத்தவரிலை பழியைப் போடுறியள். இஞ்சாருங்கோ, உங்கட பேர் பெரிசோ, அவவின்ர வீடு பெரிசோ?”

என் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களில் பலர் என்னோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ‘சந்தேகம் என்றால் அவரிடம் கேள்’ என்று சொல்லப்பட்டவன் நான். சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான். அதைக் கடல் தாண்டி அனுப்பி, ஒரு நீதிமன்றத்தில் எல்லாரும் படிக்கக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழாம் பந்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘அவ்வாறான விதி எதுவும் இல்லை. எனக்கு அளிக்கப்பட்ட ஆசனம் குறித்த மனத்தாங்கலால் நானே அதை அவ்விடத்தில் கற்பித்துக் கூறினேன்.’ பாமினி தட்டச்சு செய்துவிட்டு, “இந்த ஊர்ல இவ்ளோ நேர்மையா ஒரு அஃபிடவிட் நான் டைப் பண்ணதே இல்லப்பா” என்றாள்.

6

சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போடச் சென்னையில் உள்ள எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். போகக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு விசா நீட்டிப்புக்காக இங்கே ஓர் அலுவலகத்தில் இருந்தது. எது என்று சொல்லமாட்டேன். அவர்களோடு வருடா வருடம் நான் வாழ வேண்டும். தவணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அங்கே ஏழுமலை என்று ஓர் உதவியாளர். என்னைத் தூரத்தில் கண்டாலே எழுந்து நின்றுவிடுவார். மரியாதை என்று முதலில் நினைத்தேன். தப்பி ஓட வசதி என்று பிறகு புரிந்தது.

“வாங்க சார். இன்னிக்கு இன்னா தேதின்னு பாத்தீங்களா?”

“தெரியும். இந்தப் படிவத்துக்கு அதிகபட்சம் முப்பது நாள். இன்று முப்பத்தி இரண்டு.”

“அது இல்ல சார். இன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலம். வெளியூர் ஜனம் லட்சக்கணக்குல இறங்குது. பௌர்ணமி அன்னிக்கு இந்த ஊர்ல பேப்பர் நகராது சார், ஜனந்தான் நகரும். உங்க பாஸ்போர்ட் ரெடி. அதோ பீரோவுல இருக்குது.”

“எடுத்துத் தாரும்.”

“சாவி ஐயாகிட்ட.”

“ஐயா?”

“பந்தோபஸ்து. மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையாண்ட நிக்கிறாரு.”

“ஒரு ஆட்டோ பிடித்து…”

“ஆட்டோவா?” ஏழுமலை முகத்தில் முதல் தடவையாக ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. “ரோடு பூரா மூடியாச்சு சார். நடந்துதான் போகணும். செருப்பு இல்லாம போனீங்கன்னா புண்ணியம் ஜாஸ்தி.”

மறுநாள் வரலாமா என்று கேட்டேன். மறுநாள் இரண்டாம் சனி, அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்து ஐயா விடுப்பாம்.

பதினைந்து வருடமாகப் பூமணி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றுகிறாள். பதினைந்து வருடமாக நான் வீட்டில் இருந்து செய்தி கேட்கிறேன். அன்றைக்குப் பிற்பகல் நாலு மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டம்மா கேட்டபோது அவள், “ஓம், இவருக்கும் ஒரு வேண்டுதல்” என்றாள்.

நடந்தேன். காலுக்குக் கீழே தார் இன்னும் சூடாக இருந்தது. சுண்டல், பஜ்ஜி, குங்குமம், செருப்புக்குக் காவல், எடை பார்க்கிற இயந்திரம் என்று வழி முழுவதும் கடை. எல்லாரும் ‘அரோகரா’ என்று நடக்க, நான் ஒரு சாவியை நினைத்துக்கொண்டு நடந்தேன். அடி அண்ணாமலையில் ஐயா ஒரு தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“பாஸ்போர்ட்டுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“ஓம்… ஆமா.”

“இங்க வர்றவங்க எல்லாரும் எதுக்காகவாவதுதான் வர்றாங்க சார். யாராச்சும் சும்மா வர்றாங்களா?” சிகரெட் அட்டையைக் கிழித்து, ‘ஏழுமலை, மேல் தட்டு, கொடுத்துவிடு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை அதில் சுற்றி என் கையில் வைத்தார். முத்திரை இல்லாத ஓர் உத்தரவை நான் வாழ்நாளில் முதல் தடவையாக ஆட்சேபிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி நடக்க முடியாது. கூட்டம் மொத்தமும் ஒரே திசையில் வருகிறது. ஆகவே மிச்சத்தையும் சுற்றி முடித்தேன். பூமணி என் பக்கத்தில் நடந்தாள். “பதினைஞ்சு வரியம் நான் கூப்பிட்டன், வரேல்லை. ஒரு பீரோச் சாவி கூப்பிட வந்திட்டியள்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். குரலில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

7

கடவுச்சீட்டோடு போன சென்னைத் தூதரக அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம் சிங்களப் பெண் அதிகாரி. நான் சிங்களத்தில் பேசினேன். அது அறுபதுகளின் கச்சேரிச் சிங்களம். அவர் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார், யாரோ பழைய மந்திரி வந்துவிட்டது போல. சத்தியக் கடதாசியை அவர் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கையெழுத்து என்னுடையதா என்று பார்த்தால் போதும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் படித்தார். ஏழாம் பந்தியில் நின்றார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார்.

“அங்கிள், உண்மையாகவே கதிரையாலா?”

“உண்மையாகவே.”

“எங்கள் பாட்டன் வீட்டிலும் கை வைத்த கதிரை ஒன்று இருக்கிறது” என்றார். “இப்போது அதில் நாய் படுக்கும். வேறு யாரும் உட்கார்ந்தால் உறுமும்.” முத்திரையை எடுத்து, மை நன்றாக ஒற்றி, நேராகக் குத்தினார். அவ்வளவு நேரான முத்திரையை நான் அண்மையில் பார்த்ததில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஊர் திரும்பினேன். அதன்பிறகு தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும் நேரத்தில் வாசலுக்குப் போகும் வேலை ஏதாவது எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. பாமினி, “தோட்டத்துல ஒரு செடி கூட இல்ல, எதுக்குப்பா மூணு தடவ தண்ணி ஊத்துற?” என்று கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தடித்த உறை வந்தது. சந்திரா குமாரிஹாமியின் கடிதம் சுருக்கமாக இருந்தது. அவருடைய வழக்கறிஞர் சத்தியக் கடதாசியை எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்கிறார். தம்பி மகன் அதை நீதிமன்ற வராந்தாவில் நின்று படித்திருக்கிறான். ஏழாம் பந்தி வந்ததும் சிரித்துவிட்டு, அத்தையிடம் போய், “இதற்கு மேல் என்னால் சண்டை போட முடியாது, அத்தை” என்றானாம். வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்க அவனுக்கு ஓர் அறை என்று பேசி முடித்துவிட்டார்கள். இரு தரப்பின் சம்மதத்தோடு, பதிவேட்டைத் திருத்தும்படி நீதிமன்றம் கட்டளை இட்டுவிட்டது.

கூடவே, முன்மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டுவதற்காக அவர் எழுதிய வீட்டு வரலாற்றின் ஒரு பிரதியும் இருந்தது. கட்டியவர், தூண்கள், உரமூட்டை, பலா மரம், ஐந்து வருட வேலை எல்லாம் இருந்தன. நான் என் பந்தியைத் தேடினேன். இருந்தது. ‘அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரை இந்த வீடு தக்கபடி உபசரிக்கத் தவறியது, அதற்காக இந்த வீடு வருந்துகிறது.’ அவ்வளவுதான். பிழை விட்டவன் நான். வருத்தம் தெரிவிப்பது வீடு. பூமணிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றினேன். மிச்சத்தை அவள் வாங்கி வாசித்தாள்.

உறையில் கடைசியாக, திருத்திய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி. நாற்பது வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து, அழகாக, சாய்வாக. அந்தக் கட்டத்தில் இப்போது வேறு யாரோ ஒருவரின் இளம் கையெழுத்தில் ‘பின்ன’ என்று ஒரு சொல். ஓரத்தில் கட்டளை விவரம், மாவட்டப் பதிவாளரின் ஒப்பம், முத்திரை.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு எழுந்து, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

“இன்னாப்பா?” என்றாள் பாமினி.

“ஒன்றுமில்லை. ஓரக் குறிப்பில் ஒரு சின்னக் குறை. விதிப்படி அங்கே…”

அவள் பேனாவைக் கையிலிருந்து பிடுங்கினாள். பூமணி தாளை எடுத்தாள்.

குறை இருக்கிறது. அந்தக் கச்சேரியில் இப்போது வேலை பார்ப்பவர் யாராவது இதைப் படிக்கலாம். அவர் தேடிப் பார்க்க நினைக்கலாம். என்ன குறை என்று நான் சொல்லப்போவதில்லை.